டன்மெயில் கணவாயில் எழுதிய மொய்

நான் பிறந்து வளர்ந்த கீரமங்கலத்தில் மலை கிடையாது. பூந்தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் ஏரிக்கரைகளுமாகத் தரை ஒரே மட்டமாகக் கிடக்கும். 2019ஆம் ஆண்டு ஐப்பசியில் செவிலியர் வேலைக்காக இங்கிலாந்தின் வடமேற்கு மூலையிலுள்ள கம்ப்ரியாவுக்கு வந்தபோது, அறை சன்னலுக்கு வெளியே தெரிந்த மலைகளைக் காலண்டர் படத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். வேலை, அறை, ஊருக்குத் தொலைபேசி, மீண்டும் வேலை என்று இரண்டரை ஆண்டுகள் ஓடிவிட்டன. என்னை எல்லோரும் மரியாதையாகவே நடத்தினார்கள். ஆனால், ஒருவரும் என்னிடம் உதவி என்று எதையும் கேட்டதில்லை. கேட்கப்படாமல் இருப்பதும் ஒரு தனிமை என்பது அப்போது எனக்குப் புரிந்திருக்கவில்லை.

2022 ஜூன் மாதத்தில், வார்டில் என்னுடன் வேலை பார்க்கும் மூத்த செவிலியர் ஒருவர், பாப் கிரகாம் சுற்றை ஓடப்போவதாகவும், சனிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு டன்மெயில் ரெய்ஸ் கணவாயில் காரை நிறுத்திக்கொண்டு வெந்நீர் வைத்துத் தர ஓர் ஆள் குறைவதாகவும் சொன்னார். வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். அது என்ன ஓட்டம் என்று தேடிப் படித்தது அன்று இரவுதான்.

பாப் கிரகாம், கெசிக் என்ற ஊரில் விருந்தினர் விடுதி நடத்தியவர். 1932 ஜூனில் அவ்வூரின் நடுவிலுள்ள மூட் ஹாலிலிருந்து புறப்பட்டு, 42 மலையுச்சிகளைத் தொட்டு, 23 மணி 39 நிமிடத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வந்தார். தூரம் ஏறத்தாழ 66 மைல், அதாவது 106 கிலோமீட்டர். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 8,200 மீட்டர் அளவுக்கு வரும். அவரும் தனியாக ஓடவில்லை, நண்பர்கள் பகுதி பகுதியாக உடன் சென்றிருக்கிறார்கள். அதற்குப் பின் 28 ஆண்டுகள் கழித்து, 1960இல் ஆலன் ஹீட்டன் என்பவர்தான் மறுபடியும் அதை 24 மணி நேரத்துக்குள் முடித்தார். 1971இல் ஃபிரெட் ரோஜர்சன் முன்னின்று தொடங்கிய பாப் கிரகாம் 24 மணி நேரக் கழகத்தில் உறுப்பினராக வேண்டுமானால், 24 மணி நேரத்துக்குள் முடித்தால் மட்டும் போதாது; ஒவ்வோர் உச்சியிலும் உடன் ஒருவர் நின்று பார்த்து, நேரத்தைக் குறித்திருக்க வேண்டும். இது போட்டியன்று. பதக்கம் கிடையாது, வழிகாட்டும் கொடிகள் கிடையாது, நாளையும் நேரத்தையும் அவரவரே தேர்ந்துகொண்டு கழகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் புறப்பட வேண்டும். இங்கு மலையை ஃபெல் என்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து இங்கே குடியேறிய ஸ்காண்டிநேவியர் விட்டுச்சென்ற சொல் அது என்று அறிந்தபோது, அந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டாயிற்று.

அந்த இரவு இன்னும் கண்ணில் நிற்கிறது. கிராஸ்மியருக்கும் கெசிக்குக்கும் இடையிலான சாலை ஏறி இறங்கும் மேட்டில், காற்று காரை உலுக்கிக்கொண்டிருந்தது. மாலை ஏழு மணிக்குப் புறப்பட்ட அவர் ஸ்கிடா, கிரேட் கால்வா, பிளென்காத்ரா ஆகிய மூன்று மலைகளையும் முடித்து நள்ளிரவுக்கு முன்னரே த்ரெல்கெல்ட் என்ற ஊரைக் கடந்துவிட்டார் என்று செய்தி வந்திருந்தது. அடுத்துள்ள 12 உச்சிகளில் ஹெல்வெல்லினும் ஒன்று. மூன்றரை மணிக்கு, கிழக்கே வானம் வெளுக்கத் தொடங்கிய நேரத்தில், சீட் சாண்டல் மலையின் செங்குத்தான புல்சரிவில் மூன்று நெற்றி விளக்குகள் தள்ளாடி இறங்கின. வந்து உட்கார்ந்தவருக்கு ரொட்டி இறங்கவில்லை. எனக்கென்று கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோற்றை நீட்டினேன். உப்பும் புளிப்பும் நாக்கில் பட்டதும் அரை டப்பாவைக் காலி செய்தார். ஈரக் காலுறையைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, கொப்புளத்துக்கு ஒட்டுப் போட்டேன். அந்த வேலை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் அவர் எழுந்து ஸ்டீல் ஃபெல் பக்கமாக ஏறிப் போய்விட்டார். அன்று மாலை, 24 மணி நேரக் கெடு முடிய ஐம்பது நிமிடம் மீதமிருக்கையில், மூட் ஹால் கதவைத் தொட்டார்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னபோது, "ராத்திரி மூணு மணிக்கு மலையடியில ஒனக்கு என்னடி வேலை?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில், கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில், ஆடி மாதத்தில் மொய் விருந்து நடப்பதை அவருக்கு நினைவூட்டினேன். வருகிறவர் மொய் எழுதுவார், நோட்டில் பெயர் ஏறும், அவர் வீட்டு முறை வரும்போது இவர் திருப்பிச் செய்வார். இங்கும் நோட்டு உண்டு, உச்சி நேரங்களைக் குறிக்கும் அட்டை. ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. எனக்குச் செய்தவருக்கே நான் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை. அடுத்து ஓட வருகிற முகமறியாத எவருக்கேனும் செய்தால் போதும். அம்மா சற்று யோசித்துவிட்டு, "அப்ப நல்லதுதான், போயிட்டு வா" என்றார்.

அதன் பின்னர் இரண்டு கோடைகள் பிறருக்குத் துணையாகச் சென்றேன். முதலில் சாலையோரத்தில், பிறகு சுமை தூக்கிக்கொண்டு மலைமேல். துணையாகப் போவது ஓடுவதைவிடப் பொறுப்பானது என்று நான் நினைக்கிறேன். பதினைந்து மணி நேரம் ஓடியவரின் மூளை களைத்திருக்கும். அவருக்கும் சேர்த்து வழியைப் பார்ப்பது துணை வருபவரின் வேலை. ஆகவே வரைபடமும் திசைகாட்டியும் கையாளக் கற்றேன். கைபேசி வழிகாட்டும்தான், ஆனால், மழையிலும் குளிரிலும் அதன் மின்கலம் எத்தனை விரைவில் தீர்ந்துபோகும் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, தொப்பி, கையுறை, விசில், கூடுதல் உணவு ஆகியவை கோடையிலும் பையை விட்டு இறங்குவதில்லை. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் அது அபாய அழைப்பு. லண்டனிலிருந்தும் பர்மிங்காமிலிருந்தும் ஸ்காஃபெல் பைக் என்ற மலையில் ஏறுவதற்கென்று வார இறுதியில் வரும் நம்மவர்களைக் காணும்போதெல்லாம் இதைச் சொல்லிவருகிறேன். விபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, அவர்கள் வழியாக மலை மீட்புக் குழுவைக் கேட்க வேண்டும். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்; உறக்கத்தையோ வேலையையோ விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

மலை ஓடுபவருக்கு மட்டும் உரியதன்று என்பதைக் கற்பது அதைவிடக் கடினமாக இருந்தது. சுற்றின் மூன்றாம் பகுதி முடியும் வாஸ்டேல், ஆட்டுப் பண்ணைகளின் பள்ளத்தாக்கு. 1975இல் 24 மணி நேரத்துக்குள் 72 உச்சிகளைத் தொட்ட ஜாஸ் நெய்லர் அந்தப் பள்ளத்தாக்கில் ஆடு வளர்த்தவர்தான்; 2024இல் 88 வயதில் மறைந்தார். அங்கே ஓர் ஓட்டக்காரருக்காக ஐந்து கார்களில் பதினைந்து பேர் வந்து, குறுகிய சாலையை அடைத்து, கதவுகளைப் படார் படார் என்று சாத்திக் கைதட்டினால், உறங்குகிறவர்களுக்கும் ஈன்ற ஆடுகளுக்கும் அது எப்படி இருக்கும்? எனவே ஒரு பகுதிக்கு இரண்டு அல்லது மூன்று துணைவர், நிறுத்துமிடத்துக்கு ஒரு கார், இரவில் தாழ்ந்த குரல் என்ற வழக்கத்தை எங்கள் குழு கடைப்பிடிக்கிறது. திறந்த படலைத் திறந்தபடியும் சாத்திய படலைச் சாத்தியபடியும் விட்டுச் செல்கிறோம். ஃபிக்ஸ் த ஃபெல்ஸ் அமைப்பினர் கல் பதித்துச் சீராக்கிய பாதைகள் வளைந்து செல்லும் இடங்களில் குறுக்கே இறங்குவதில்லை. புல் பெயர்ந்தால் அடுத்த மழையில் மண் ஓடைபோல் அரித்துக்கொண்டு போகும். ஒரு நிமிட லாபத்துக்காக அந்தச் சரிவைப் புண்ணாக்க எனக்கு மனம் வருவதில்லை.

என் முறை 2024 மே மாத இறுதியில் வந்தது. ஹெல்வெல்லினில் தொடங்கிய மழை விடவேயில்லை. மூன்றாம் பகுதியின் பாறைக் குவியல்களில் மேகம் அடைத்துக்கொண்டு பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஸ்காஃபெல் பைக்கிலிருந்து மிக்கில்டோர் இடைவெளியில் இறங்கியதும், ஸ்காஃபெல் என்ற அடுத்த உச்சிக்கு ஏறும் நேர்வழியில் ப்ராட் ஸ்டாண்ட் என்ற பாறைப்படி நிற்கும். காய்ந்திருந்தால் கயிற்றின் துணையோடு விரைவாக ஏறிவிடலாம். அன்று அதன்மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உடன் வந்தவர் கையால் அந்தப் பாறையைத் தடவிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையசைத்தார். எஸ்க்டேல் பக்கம் இறங்கி, ஃபாக்சஸ் டார்ன் ஓடை வழியாகச் சுற்றி ஏறினோம். வாஸ்டேலை அடைந்தபோது, 30 உச்சிகள் முடிந்திருந்தன. கணக்குக்கு எழுபது நிமிடம் பின்தங்கியிருந்தேன். பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டன.

நான்காம் பகுதிக்கு இருவர் பையை மாட்டிக்கொண்டு ஆயத்தமாக நின்றார்கள். எதிரே யூபாரோ மலையின் பாதி உயரத்துக்கு மேல் மேகம். போ என்றும் அவர்கள் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. என் விரல்களால் மழைச்சட்டையின் ஜிப்பை இழுக்க முடியவில்லை. வார்டில் ஒரு நோயாளி அப்படியிருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். நான் மேலே போனால் அந்த இருவரும் அதே காற்றில், அதே மேகத்துக்குள், என்னைத் தாங்கிக்கொண்டு ஐந்து மணி நேரம் வரவேண்டியிருக்கும். நிறுத்துகிறேன் என்று சொன்னேன். காருக்குள் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். அவர்களில் ஒருவர் அட்டையை வாங்கி, வந்துசேர்ந்த நேரத்தை அதில் எழுதி, பத்திரமாக வைத்துக்கொள் என்று என்னிடமே திருப்பித் தந்தார்.

மறுபடி முயல்வேன், ஆண்டை இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்கு முன் இந்தச் சனிக்கிழமை வேறொருவருக்கு மூன்றாம் பகுதியில் துணையாகப் போகிறேன். கழகம் வழியாக அறிமுகமான இளைஞர், இதுவரை ஒருமுறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பிட்டு அவித்த உருளைக்கிழங்கு, ஒரு டப்பா புளிச்சோறு, அவருக்கென ஒரு உலர்ந்த கையுறை எல்லாம் பையில் ஏறிவிட்டன. அட்டையோடு பென்சில்தான் வைத்திருக்கிறேன், மழையில் பேனா எழுதாது. பதினைந்து உச்சிகளின் பெயர்களையும் வரிசையாக எழுதி, எதிரே நேரத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.