ஏழு கார்டுகளும் அரை நிமிடமும்

"மூடிவிடுங்கள் அக்கா. கையில் இத்தனை கிரெடிட் கார்டு இருந்தாலே மேலே உள்ளவர்களுக்குப் பிடிக்காது."

நான் சொன்னது இவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் கேட்டது மட்டும் நல்ல கேள்வி. "சார், இதில் ஐந்து கார்டில் ஒரு ரூபாய் பாக்கி இல்லை. இப்படிச் சும்மா வைத்திருப்பது வீட்டு லோனுக்குக் கெடுதலா, நல்லதா?" வங்கியின் கடன் பிரிவில் பதினொரு வருடம் இருந்துவிட்டேன். இதை இவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. தெளிவான கேள்விக்கு அவசரப் பதில் சொன்னேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அவர் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் வீடு கட்டுகிறார். சுவர் லிண்டல் மட்டம் வரை எழும்பி நின்றுவிட்டது. மேசைமேல் ஏழு கார்டுகளையும் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும், ஊசி குத்திய இடத்தில் ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு. அதில் நீலப் பேனாவால் ஒரு எண்ணும் ஒரு சொல்லும்: 7 – பள்ளிக்கூடம். 12 – அம்மா மருந்து. 19 – வீட்டுச் சாமான். பணம் கட்ட வேண்டிய தேதியும், அந்தக் கார்டு எதற்கு என்பதும். "எங்கள் அம்மா அண்டி ஆபீசில் வாங்கும் கூலியை இப்படித்தான் டப்பா டப்பாவாகப் பிரித்து வைப்பார்" என்றார். முந்திரி ஆலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஒரு தவணைகூடத் தவறியதில்லை என்பதை அவர் கொண்டுவந்த, கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையே சொன்னது. அதில் கடன் மதிப்பெண், அதாவது ஸ்கோர், 768.

ஏழு கார்டுகளின் வரம்பையும் கூட்டினால் ஒன்றரை லட்சம். பெரிய கார்டுக்கே முப்பதாயிரம்தான். சம்பளம் குறைவு என்பதால் ஒவ்வொரு வங்கியும் கொஞ்சமாகத்தான் கொடுத்திருந்தது. பாக்கி இருந்தது இரண்டில் மட்டும்: ஃபிரிட்ஜ் வாங்கிய 19,000, பள்ளிக் கட்டணம் 15,000. ஆக 34,000. ஒன்றரை லட்சத்தில் அது இருபத்து மூன்று சதவீதத்துக்கும் கீழே. முப்பது சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்று நாங்களே வாடிக்கையாளர்களிடம் சொல்வது வழக்கம்.

அவர் சொன்னபடி செய்தார். பாக்கி இல்லாத ஐந்தையும் மூடினார். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி விண்ணப்பித்தால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்ததே, அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் சீக்கிரம் முடிந்தது. மிஞ்சிய இரண்டின் வரம்பு 45,000. பாக்கி அதே 34,000. எழுபத்தைந்து சதவீதம்.

2025 ஜனவரியில் வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிபிலுக்கு விவரம் அனுப்பத் தொடங்கியிருந்தன. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை. அதனால் இதுவும் உடனே ஏறிவிட்டது. மார்ச் கடைசியில் நாங்கள் அறிக்கை எடுத்தபோது ஸ்கோர் 731. எங்கள் வட்டிப் பட்டியலில் 750க்கு மேல் ஒரு விகிதம், கீழே ஒரு விகிதம். 8.75க்குப் பதில் 9.10. பதினெட்டு லட்சம், இருபது வருடம். மாதத் தவணையில் வித்தியாசம் சுமார் நானூறு ரூபாய். நான் ஒருமுறைக்கு மேல் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இதே விகிதங்கள் கடைசிவரை நீடித்தால் தொண்ணூற்று ஏழாயிரம் வரும்.

இரண்டு மாதம் பொறுத்து, பாக்கியைக் குறைத்துவிட்டு விண்ணப்பிக்கலாமே என்றேன். ஜூன் மழைக்கு முன் காங்கிரீட் போட்டாக வேண்டும் சார் என்றார். இந்த மாவட்டத்தில் அந்த மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. திறந்து கிடக்கும் சுவர் இரண்டையும் தாங்காது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

போடும்போது, "முதலில் 768 இருந்ததே சார், எப்படிக் குறைந்தது?" என்று கேட்டார்.

"அது ஏறும் இறங்கும் அக்கா" என்றேன்.

முதலில் சொன்னது அவசரம். இதற்கு என்ன பெயர் வைப்பது?

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. குலசேகரம் பக்கத்து டிரைவர் ஒருவரின் வீட்டுக் கடன் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் இலவசம் என்று வாங்கிப் பெட்டியில் போட்ட கார்டு. இரண்டாம் வருடக் கட்டணம் வரி சேர்த்து ஐந்நூற்றுச் சொச்சம். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அபராதம் ஏறி, அறிக்கையில் தாமதக் கணக்காக நின்றது. கார்டை உரசவே இல்லாத மனிதருக்கு அந்த நிலை. ஏழு கார்டு என்றால் ஏழு தேதி, ஏழு கட்டணம், போன் எண் மாறினால் ஏழு இடத்தில் மாற்ற வேண்டும். அதை எண்ணித்தான் மூடச் சொன்னேன். ஆனால் அவர் ஏழு தேதியையும் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருந்தார். அந்த டிரைவரைப் பார்த்த பயத்தில் இவருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கடன் அனுமதிக்கும் அலுவலகமும் நிறைய கார்டுகளை விரும்புவதில்லை. பயன்படுத்தாத வரம்பு நாளைக்கே கடனாக மாறலாம் என்பது அவர்கள் வாதம். அது பொய்யில்லை. ஆனால் அவர்கள் அப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் ஒரு பத்தி எழுதி விளக்கியிருக்கலாம். கேட்பதற்கு முன்பே பயந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே மார்ச்சில் அவர் நாகர்கோவிலில் ஒரு வீட்டுக் கடன் நிறுவனத்திலும் விசாரித்திருந்தார். அவர்களும் அறிக்கை எடுத்திருந்தார்கள். கடன் கேட்டு எடுக்கப்படும் ஒவ்வொரு அறிக்கையும் ஸ்கோரைச் சற்றுக் குறைக்கலாம். ஆகவே முப்பத்தேழு புள்ளியும் என்னால்தான் என்று சொல்ல முடியாது. ஸ்கோரின் கணக்கு முழுவதையும் சிபில் நிறுவனம் வெளியில் சொல்வதில்லை. சில இரவுகளில் இந்த விசாரணையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடுகிறேன். காலையில் எழுபத்தைந்து சதவீதம் என்ற எண் திரும்ப வந்துவிடுகிறது.

சிறிய வரம்புள்ள கார்டுகள் பல இருப்பது கெடுதலா என்றால், எண்ணிக்கை அவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். மொத்த வரம்பில் எவ்வளவு பாக்கி என்பதும், தேதி தவறாமல் கட்டுவதும்தான் கனமானவை. ஆனால் சிறிய வரம்பில் ஒரு தொல்லை உண்டு. இருபதாயிரம் வரம்புள்ள கார்டில் பதினைந்தாயிரம் செலவழித்தால் அந்தக் கார்டு கிட்டத்தட்ட நிரம்பிவிட்டதாகவே அறிக்கையில் தெரியும். மாதாமாதம் முழுவதையும் கட்டுபவருக்கும் இதே கதிதான். பில் போடும் நாளில் உள்ள தொகையே பெரும்பாலும் பதிவாகிறது. ஆகவே மூடத்தான் வேண்டும் என்றால், முதலில் பாக்கியைத் தீர்த்து, அடுத்த பில்லில் அது குறைந்து தெரிந்தபின், கட்டணம் கேட்கும் கார்டு ஒன்றிரண்டை மட்டும் மூடியிருக்க வேண்டும். அல்லது கடன் கைக்கு வந்தபின். அன்றைக்கும் இதெல்லாம் எனக்குத் தெரியும். 34,000 என்ற எண் என் கண் முன்னால்தான் இருந்தது.

இவ்வளவு எழுதுகிறேனே, போன வாரம் ஒரு இளைஞன் ஒன்பது கார்டோடு வந்தபோது என் வாயில் முதலில் வந்தது "எதற்குத் தம்பி இத்தனை?" என்பதுதான்.

அந்த அக்கா சென்ற மாதம் வந்திருந்தார். காங்கிரீட் மழைக்கு முன்பே போட்டாயிற்று, பூச்சு வேலை நடக்கிறது. வெட்டிய ஐந்து கார்டுகளை ஓர் உறையில் போட்டு இன்னும் பையில் வைத்திருக்கிறார். யார் கையிலும் கிடைத்துவிடக் கூடாதாம். துண்டுகளில் பிளாஸ்திரி அப்படியே இருந்தது. மிஞ்சிய இரண்டில் ஒன்றுக்கு வரம்பை ஐம்பதாயிரமாக உயர்த்துவதாகச் செய்தி வந்திருக்கிறது, சரி என்று அழுத்தலாமா என்று கேட்டார். வரம்பு கூடினால் சதவீதம் குறையும், செலவு கூடாமல் இருந்தால். உடனே சொல்லியிருக்கலாம். நான் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் அறிக்கையை அவருடைய போனிலேயே எடுக்க வைத்து, வரிவரியாகப் பார்த்தேன். இரண்டு கார்டுகளின் பில் தேதியையும் தாளில் குறித்தேன். கடனின் வட்டியை மறுபரிசீலனை செய்யக் கேட்டு ஒரு மனுவும் எழுதிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது.

"அன்றைக்கு இவ்வளவு நேரம் ஆகவில்லையே சார்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னார்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். மனுவின் நகல் என் மேசையில் இருக்கிறது. அதில் ஸ்கோர் குறைந்த காரணம் என்ற இடத்தில் "கார்டுகள் மூடப்பட்டதால்" என்று எழுதியிருக்கிறேன். யார் சொல்லி மூடினார் என்று எழுதவில்லை.