பயிற்சி மட்டும் போதாது

நெல் கொள்முதலுக்கு ஆன்லைன் பதிவுன்னா, "விவசாயிக்குப் போன் பயிற்சி கொடுத்தா சரியாயிடும்"ங்கிறாங்க. ஆகாது.

சோவியத் உளவியலாளர்கள் வைகோட்ஸ்கி, லியோன்டியெவ் போட்ட அடித்தளத்துல 1987-ல் பின்லாந்து ஆய்வாளர் எங்கெஸ்ட்ரோம், மனுஷங்க செய்யிற ஒரு வேலை எதெதால ஆனதுன்னு காட்ட ஒரு முக்கோணம் வரைஞ்சார். ஆள், கருவி, நோக்கம் மட்டுமில்ல. விதி, சமூகம், வேலைப் பங்கீடும் அதுல உண்டு. இதுக்குள்ள வர்ற முரண்கள்லதான் கற்றலும் மாற்றமும் தொடங்குதுன்னார்.

மன்னார்குடிப் பக்கம் குறுவை அறுப்புல வந்து பாருங்க. நெல்லுல ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்கிறது பொதுவான கொள்முதல் விதி. வானமோ இருட்டிக்கிட்டு நிக்கும். நெல்லைக் காலால கிளறிக் காயவைக்கிறது பெரும்பாலும் பெண்கள். பட்டா ஒருத்தர் பேர்ல, பயிர் வச்சது குத்தகைக்காரர், ஓடிபி வர்றது பேரன் போனுக்கு. செயலி கேக்குறதோ ஒரே ஒரு பயனாளர் பேரு!

செயலி வடிவமைக்கிறவங்க முதல்ல களத்துல வந்து உக்காருங்க. சாக்கு பிடிக்கிற அக்காகிட்டயும் கேளுங்க.