கைக்குள் வந்த காசு

பரதராமி தாண்டினால் ஆந்திரா. அந்தப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ராணுவத்தில் எங்கள் யூனிட்டில் குக்காக இருந்தார். குடியாத்தம் வரும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல் போகமாட்டார். ரெண்டு பேருக்கும் டீக்கடை பெஞ்ச் போதும்.

2016 செப்டம்பரில் உத்தராகண்டில் ராணிக்கேத் பக்கம் சௌபாட்டியாவில் யுத் அப்யாஸ் நடந்தது. 2004இல் தொடங்கிய இந்திய, அமெரிக்கக் கூட்டுப் பயிற்சி அது. மற்றவர்களுக்கு மலையும் காடும். ஹவில்தார் கிளார்க்கான எனக்கு டைப்பிங்.

கடைசி நாட்களில் ஒருநாள் அமெரிக்க சார்ஜன்ட் மேஜர் ஒருவர் லங்கருக்குள், அதாவது ராணுவச் சமையற்கூடத்துக்குள், நுழைந்து நம்ம ஆளிடம் கை குலுக்கினார். கைக்குள் ஏதோ உலோகம் உறுத்தியிருக்கிறது. டிப்ஸ் என்று நினைத்து, "நோ மணி சார், நோ மணி" என்று திருப்பி நீட்டினார் பாவம். அது அவர்கள் யூனிட் சின்னம் பொறித்த காயின். கடைக்குக் கொண்டுபோனால் செல்லாது. தங்களுக்குப் பிடித்த மாதிரி வேலை செய்தவனுக்கு அங்கேயே, அப்போதே, குலுக்குகிற கை வழியாகக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம்.

நம்ம வழக்கம் வேறு. ஆள் என்ன சாதித்தார் என்று சைட்டேஷன் எழுதி, அது ஒவ்வொரு ஆபீஸாக மேலே ஏறி, ஜனவரி 15 ராணுவ தினத்திலோ ஆகஸ்ட் 15லோ தலைமைத் தளபதியின் கமெண்டேஷன் கார்டு என்ற பாராட்டு அட்டைக்கான பட்டியல் வரும். வந்தால் அதற்கு மதிப்பு அதிகம்தான், சட்டைப்பையில் பேட்ஜ் குத்திக்கொள்ளலாம். ஆனால் யாராவது முதலில் பெயரை எழுத வேண்டுமே!

அந்த முறை பெயர்களைத் தொகுத்தவன் நான். குக் பெயரை நான் சேர்க்கவில்லை. யாரும் தடுக்கவுமில்லை. 'சாதனை' என்ற கட்டத்தில் ரொட்டி சுட்டதை எப்படி எழுதுவது என்று யோசித்து, அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். காயினோ அவர் வீட்டில் சாமி மாடத்தில் குங்குமப்பொட்டோடு இருக்கிறது.

போன மாதம்தான் இதை அவரிடம் சொன்னேன். கோபமே இல்லை.

"எழுதியிருந்தா என்னன்னு எழுதியிருப்பீங்க அண்ணா?"

"குளிர்ல தினம் நாலு மணிக்கு எழுந்து, ரெண்டு நாட்டு ஆளுக்கும்…"

"மூணு மணி" என்று திருத்தினார்.