ஆர்செல்லாவுக்குப் பெயர் தேடிப் பட்ட பாடு

யாங்கோனின் தாக்கேட்டா பகுதிப் பக்கத்துக் குட்டையில் ஆகாயத்தாமரை வேரைப் பிழிந்து, டம்ளரின் அடியில் தங்கிய மண்டியைப் பார்த்தேன். ஓடுள்ள அமீபா கிடைத்துவிட்டது. இந்த ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. பெயர் கண்டுபிடிப்பதில்தான் உயிர் போனது.

தேன் நிறத்தில் வட்ட ஓடு, நட்டநடுவில் வாய். ஓடுள்ள அமீபாக்களில் ஆர்செல்லா என்ற வகைதான். இன்னொரு வகையான டிஃப்ளூஜியா என்றால் ஓட்டில் மணல் ஒட்டியிருக்கும். சென்ட்ரோபைக்சிஸ் என்ற வகை என்றால் வாய் ஓரமாகத் தள்ளியிருக்கும். ஆய்வகத்து அண்ணன் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "மகரந்தம் தம்பி, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?" என்றார். கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்த மகரந்தம் காலை நீட்டி நகர்ந்ததை அவரும் பார்த்திருப்பார்.

சரி, ஆர்செல்லாவில் எந்த இனம்? வல்காரிஸா, டிஸ்காய்டஸா? குறுக்களவை நம்ப முடியாது, 120 மைக்ரானில் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இரண்டுமே உண்டு. உயரம்தான் பேசும். வல்காரிஸ் கவிழ்த்த கிண்ணம் மாதிரி, உயரம் குறுக்களவில் பாதிக்கு வரும். டிஸ்காய்டஸ் தட்டை. மேலிருந்து எத்தனை போட்டோ எடுத்தாலும் இது தெரியாது.

அளக்கும் ஸ்லைடை இரவல் கேட்டால், துறைத்தலைவரின் கடிதம் வேண்டுமாம். கடிதத்தோடு போனால் பீரோ சாவி வைத்திருப்பவர் லீவு. கடைசியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் மச்சான் கைகொடுத்தார். ரத்த அணு எண்ணும் கண்ணாடியில் மிகச் சிறிய கட்டத்தின் பக்கம் சரியாக 50 மைக்ரான். ஒரே லென்சில் கட்டத்தையும் அமீபாவின் ஓட்டையும் படமெடுத்து ஒப்பிட்டால் போதும். போனில் மட்டும் ஜூமைத் தொடாதீர்கள், கணக்கு மொத்தமும் கெட்டுப்போகும்.

ஓட்டைப் பக்கவாட்டில் நிறுத்த, காலி ஓடாகப் பார்த்து ஒரு சொட்டு கிளிசரினில் போடுங்கள். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பின் நான்கு மூலையிலும் துளி வாசலின் வைத்தால் ஓடு நசுங்காது. பிறகு ஊசியால் கவர்ஸ்லிப்பை மெல்லத் தள்ளினால் ஓடு உருளும். எனக்கு உருண்டு நின்ற நேரத்தில் கரண்ட் போனது! நல்லவேளை, பல்புக்குப் பதில் வெளிச்சத்தைத் திருப்பும் கண்ணாடி வைத்த பழைய மைக்ராஸ்கோப் இருந்தது. ஜன்னலோரம் தூக்கிப் போய் ஸ்லைடை அதற்கு மாற்றினேன், ஓடு அசையவில்லை.

குறுக்களவு இரண்டரைக் கட்டத்துக்குச் சற்றுக் குறைவு, உயரம் அரைக் கட்டத்துக்குச் சற்று அதிகம். நான்கில் ஒரு பங்கு. டிஸ்காய்டஸ்தான்!

பீரோ சாவி இன்னும் லீவிலிருந்து வரவில்லை.