படத்தில் இல்லாத ஜன்னல்

"இந்த வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் சார்?"

கைப்பேசியில் நான் காட்டிய படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே பெயின்டர் கேட்டார். பின்டரஸ்டில் சேர்த்துவைத்த ஸ்வீடன் நாட்டு வீடு. தூய வெள்ளைச் சுவர், வெளிர் மரத் தரை. ஜன்னல் படத்திலேயே இல்லை.

அங்கே குளிர்காலத்தில் பகல் என்பதே சில மணி நேரம்தான். கிடைக்கிற வெளிச்சத்தை வெள்ளைச் சுவர் அறை முழுவதும் பரப்பும். மதுரையில், மேற்குப் பார்த்த எங்கள் கூடத்தில் மாலை வெயில் ஏற்கெனவே கண்ணைக் கூசவைக்கிறது. இதில் வெள்ளைச் சுவர் வேறு!

வெள்ளைக்குப் பதிலாகச் சந்தன நிறத்தை எடுத்து, ஜன்னலை ஒட்டி ஒரு சதுரம், எதிர்மூலையில் ஒரு சதுரம் அடித்துக் காட்டினார் பெயின்டர். ஒரே டப்பா. காய்ந்ததும் ஒன்று சந்தன நிறம், மற்றது அழுக்கு மஞ்சள். இரவில் நீலம் கலந்த வெள்ளை ஒளி தரும் 6500 கெல்வின் டியூப்லைட்டில் இரண்டுமே வெளிறிப்போயின. மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் பல்பைப் போட்டதும் சந்தனம் திரும்பி வந்தது. விளக்கை முடிவு செய்யாமல் பெயின்ட் கடைக்குப் போகவே கூடாது என்பது இப்போது என் கட்சி.

சேர்த்த படங்களில் எது பிடித்தது என்று எழுதிப் பார்த்தேன். பெரும்பாலும் நிறமே இல்லை. தரையில் தெரிந்த காலியிடம்தான். அதற்குப் பெயின்ட் எதற்கு? கூடத்தை அடைத்து நிற்கும் பழைய ஷோகேஸை அகற்றினால் போதும்.

(சமையலறைக்குக் கதவில்லாத அலமாரி என்ற என் ஆசையை, "தாளிக்கும் பிசுக்கை நீங்களே துடைப்பீர்களா?" என்று கேட்டு மனைவி முடித்துவைத்தாள்.)

ஷோகேஸ் விஷயத்தை அம்மாவிடம் இன்னும் பேசவில்லை. அது அவர் கல்யாணச் சீர்.