சுழல் டேங்கில் பிலிம் கழுவ எந்த டெவலப்பர்?

கறுப்பு-வெள்ளை பிலிமைக் கையால் டேங்கைக் கவிழ்த்துக் கழுவும்போது ஒரு டெவலப்பருக்கு (பிலிமில் படத்தைத் தோன்றவைக்கும் கரைசலுக்கு) என்னென்ன சிறப்புகள் சொல்லப்படுகின்றனவோ, அவற்றில் பாதியைச் சுழல் டேங்க் இல்லாமலாக்கிவிடுகிறது. ஜோபோ போன்ற கருவியில் டேங்க் படுத்தபடி இடைவிடாமல் உருள்வதால், பிலிமின் மேல் புதிய கரைசல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை அசைக்கும் முறையில், மிகுதியான வெளிச்சம் பட்ட பகுதியில் டெவலப்பர் வலுவிழந்து சற்று ஓய்கிறது. அதற்குள் நிழற்பகுதி மெல்லத் தேறிவிடுகிறது. உருளும் டேங்கில் அந்த ஓய்வு கிடையாது. முட்டத்துப் பாறைகளையும் அவற்றின் பின்னே உச்சிவெயிலில் பளபளக்கும் கடலையும் ஒரே சட்டத்தில் எடுக்கும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கு இது பெரிய விஷயம்: கழுவும் நேரத்தைக் குறைக்காவிட்டால் கடல் நெகட்டிவில் அடர்ந்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும்.

ஆகவே ரோடினால் என்ற பழைய டெவலப்பரை முதலிலேயே ஒதுக்கினேன். 1891-இல் காப்புரிமை பெற்ற அந்தக் கரைசல் திறந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் கெடாது என்பது எங்கள் ஊர் வெக்கைக்கு அருமையான குணம்தான். ஆனால் அது தரும் விளிம்புக் கூர்மை குறைந்த அசைவில் பிறப்பது. உருளும் டேங்கில் கூர்மை மங்கி, குருணை (படத்தில் தெரியும் மணிமணியான புள்ளிகள்) மட்டும் மிஞ்சும். பைரோகலால் சேர்ந்த பைரோ வகை டெவலப்பர்களில் ஒன்றான பிஎம்கே, டேங்கிற்குள் இருக்கும் காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து பிலிம் முழுவதும் கறையேற்றிவிடும்.

கோடாக்கின் எச்சி-110 (HC-110) டெவலப்பர் மீது எனக்கு நீண்டகால மதிப்பு உண்டு. அதற்குத் தடையாக நிற்பது அளவுக் கணக்கு. ஜோபோ 1510 டேங்கில் ஒரு 35 மி.மீ. பிலிமுக்கு 140 மி.லி. கரைசலே போதும், 1+31 விகிதத்தில் (ஒரு பங்கு மூலக்கரைசலுக்கு 31 பங்கு நீர்) அதற்குள் இருக்கும் மூலக்கரைசல் 4.4 மி.லி. மட்டுமே. ஒரு பிலிமுக்கு 6 மி.லி. வேண்டும் என்பது அனுபவசாலிகள் பலரும் கடைப்பிடிக்கும் வரம்பு. போதாதற்கு இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் (HP5 Plus) பிலிமுக்கு இந்த விகிதத்தில் கழுவும் நேரம் 20 டிகிரியில் 5 நிமிடம்தான். குழாய் நீரே 28 டிகிரியை ஒட்டியிருக்கும் நாகர்கோவில் கோடையில் 20 டிகிரியைத் தக்கவைப்பது வீண் போராட்டம்; 24 டிகிரிக்கு ஏற்றினாலோ நேரம் இன்னும் சுருங்கி, ஊற்றுவதிலும் வடிப்பதிலும் ஆகும் சில நொடிகளே படத்தின் சீர்மையைக் கெடுக்கும்.

இல்ஃபோர்டின் டிடி-எக்ஸ் (DD-X) டெவலப்பர் இந்த இரண்டு இக்கட்டுகளையும் தீர்க்கிறது. 1+4 விகிதத்தில் 140 மி.லி.யில் 28 மி.லி. மூலக்கரைசல் இருப்பதால் வலு குறையும் கவலையில்லை. எச்பி5 பிளஸ் பிலிமுக்கு 20 டிகிரியில் 9 நிமிடம். 24 டிகிரியில் ஏறக்குறைய 6 நிமிடம். தொடர் அசைவுக்காக 15 விழுக்காடு கழித்தாலும் 5 நிமிடம் கையில் நிற்கிறது. முன்கூட்டியே 5 நிமிடம் நீரில் ஊறவைத்தால் நேரத்தைக் கழிக்க வேண்டாம் என்பது ஜோபோவின் வழி. இல்ஃபோர்டோ ஊறவைப்பதைப் பரிந்துரைப்பதில்லை. நான் இல்ஃபோர்டின் வழியைப் பின்பற்றுகிறேன். கடல் வெளிச்சத்தில் எடுத்த பிலிமானால் நேரத்தை இன்னும் சற்றுக் குறைக்கிறேன்.

விலை அதிகம் என்பதை மறுக்க முடியாது. ஒரு லிட்டர் புட்டியில் ஏறக்குறைய 35 பிலிம் கழுவலாம், ஆனால் திறந்தபின் அது மாதக்கணக்கில்தான் தாங்கும். அதனால் வாங்கிய அன்றே சிறு கண்ணாடிப் புட்டிகளில் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, இருட்டான அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிடுகிறேன்.