அவனுக்கு விசர் இல்லை

மதியம் வெடி வைப்பார்கள். சேர்வராயன் மலை அடிவாரத்து மாக்னசைட் சுரங்கங்களிலிருந்து அந்தச் சத்தம் நம் பள்ளிக்கு வந்து சேரும்போது ஜன்னல் கம்பி லேசாக அதிரும், அவ்வளவுதான். சேலத்துப் பிள்ளைகளுக்கு அது சாப்பாட்டு மணி மாதிரி. 1990-ல், ஒன்பதாம் வகுப்பில் நடுவில் வந்து சேர்ந்த ஒருத்தி மட்டும் அந்தச் சத்தம் கேட்டதும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, வாயை அகலத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். வகுப்பே சிரித்தது. "கீழ்ப்பாக்கம் கேஸுடி" என்று சொன்னது நான்.

நம் பள்ளியின் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஏற்காடு சுற்றுலாவைப் பற்றியும், பள்ளி விட்டதும் தின்ற தட்டுவடை செட்டைப் பற்றியும் எழுதத்தான் உட்கார்ந்தேன். அவளை எழுதாமல் வேறெதுவும் எழுத வரவில்லை. பெயர் வேண்டாம். நம் பேட்ச்காரர்களுக்குத் தெரியும்.

இலங்கை மன்னாரிலிருந்து வந்தவள். அந்த ஜூனில் சண்டை மறுபடி மூண்டதும் படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, குடும்பத்தோடு சேலம் மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டிருந்தாள். குண்டு விழும்போது வாயைத் திறந்து வைக்காவிட்டால் காதுச் சவ்வு கிழிந்துவிடும் என்று பங்கருக்குள் அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாராம். இதைப் பிறகு அவளே சொன்னாள், கோபமே இல்லாமல். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கேட்டிருக்க மாட்டேன்.

முகாமிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். 'செக்கிங்' உள்ள நாளில் வர முடியாது. குடும்ப அட்டையோடு எல்லாரும் அதிகாரி முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் 'பதிவு வெட்டிவிடுவார்கள்'. பதிவு போனால் பணக்கொடையும் போச்சு, அரிசியும் போச்சு. காலாண்டுக் கணக்குப் பரீட்சை அப்படித்தான் அவளுக்குத் தவறியது. எங்கள் வகுப்பு குரூப் போட்டோவிலும் அவள் இல்லை. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலைக்குப் பிறகு செக்கிங் இன்னும் கூடியது. பஸ்ஸில் வாயைத் திறந்து பேசவே பயப்படுவாள். 'ஆமாம்' என்பதற்கு அவர்கள் சொல்லும் ஒரு 'ஓம்' போதுமே, எந்த ஊர் என்று காட்டிக் கொடுக்க.

எங்களை உண்மையில் சிநேகிதிகளாக்கியது நூலகம். நூலக டீச்சர் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களை ஓர் அலமாரி நிறைய வைத்திருந்தார். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், மலிவு விலை. அதில் செகாவ் கதைகளை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தார். 'ஆறாவது வார்டு' படியுங்கள் என்றார். அவர் ஏன் அந்தக் கதையைச் சொன்னார் என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது என்று நினைக்கிறேன்.

செகாவ் 1892-ல் எழுதியது. அவரே டாக்டர். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் சகலின் தீவுக்குப் போய்க் கைதிகளை நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தார். சின்ன ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் மனநோயாளிகளை அடைத்து வைக்கும் வார்டு. வாசலில் நிகீதா என்ற காவலாளி. அடித்தால்தான் ஒழுங்கு இருக்கும் என்று நம்புகிறவன். மனநிம்மதி அவரவர் உள்ளே இருக்கிறது, வெளியே எங்கே இருந்தால் என்ன என்று தத்துவம் பேசுகிற டாக்டர் ராகினையே கடைசியில் அந்த வார்டுக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். வெளியே போக வேண்டும் என்று கேட்டதற்கு நிகீதாவிடம் அடி வாங்கி, மறுநாள் செத்துப்போகிறார்.

எனக்கு டாக்டர் மேல்தான் பரிதாபம். நல்லா இருக்கிற மனுஷனை உள்ளே தள்ளிவிட்டார்களே என்று. மனநோய் ஆஸ்பத்திரிக் கதைகளில் பெரும்பாலும் அப்படித்தானே, 'தெளிவாக' இருக்கும் ஒருவர் உள்ளே மாட்டினால்தான் நமக்குப் பதறுகிறது. ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் பின்னணி. நம் சினிமாவில் அவர்கள் சிரிப்புக்கு மட்டும்.

அவள் டாக்டரை விட்டுவிட்டாள். அவளைப் பிடித்துக்கொண்டது உள்ளே கிடக்கும் கிரோமவ். அவன் ஒரு நாள் தெருவில் விலங்கு போட்ட இரண்டு கைதிகளையும் துப்பாக்கி ஏந்திய காவலர்களையும் பார்க்கிறான். அன்றிலிருந்து தன்னையும் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். வீட்டு நிலவறையில் போய் ஒளிந்துகொள்கிறான். அடுப்பு ரிப்பேர் செய்ய வந்த ஆட்களைப் பார்த்து, மாறுவேடத்தில் வந்த போலீஸ் என்று நினைத்துத் தெருவில் ஓடுகிறான். அதோடு வார்டு.

"அவனுக்கு விசர் இல்லையடி," என்றாள். "அவனுக்குப் பயம். ஆர் வந்தாலும் பொலிஸ் எண்டுதான் நினைப்பான். நாங்களும் பங்கருக்குள்ள அப்பிடித்தானே இருந்தனாங்கள்."

பைத்தியம் என்பதற்கு அவர்கள் ஊரில் விசர். அந்தச் சொல்லை நான் கற்றுக்கொண்டது அன்றைக்கு. பெஞ்சுக்கு அடியில் அவள் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

1992 தொடக்கம், நாங்கள் பத்தாவது. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் நான்காக மடித்த ஒரு படிவத்தை நீட்டினாள். முழுக்க ஆங்கிலம். முகாமில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள், அப்பாவுக்குப் படிக்க வரவில்லை, என்ன போட்டிருக்கு என்று சொல் என்றாள். ஒரு சொல் எனக்கும் தெரியவில்லை. நூலகத்துக்கு ஓடி அகராதி பார்த்து வந்து சொன்னேன்: "தானாக விரும்பி ஊருக்குத் திரும்பறோம்னு எழுதியிருக்கு."

"விரும்பி எண்டா?" என்றாள்.

கொஞ்ச நாளில் அவர்கள் குடும்பம் கப்பலேறியது. அரசுத் தேர்வு ஹால் டிக்கெட் அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் லண்டனில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வந்து 20 வருஷம் ஆகிறது. அகதியாகத் தஞ்சம் கேட்டவரை இங்கே நம் சனம் 'அசைலம் அடிச்சவர்' என்று சர்வசாதாரணமாகச் சொல்லும். மனநோயாளிகளை அடைத்த பழைய கட்டடங்களுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். கிரேக்க மூலத்தில் அதற்கு யாரையும் பறித்துப் போகக் கூடாத இடம் என்று பொருள். நம் அடைக்கலம் போல. ஏர்வாடியில் குணமாக வேண்டும் என்று கொண்டுபோய் விடப்பட்ட மனநோயாளிகள்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு எரிந்தார்கள், 28 பேர். சங்கிலி போடக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் தெளிவாகச் சொல்ல 2017 ஆனது.

தொழில் தர்மம், யாருடைய கேஸையும் இங்கே எழுத மாட்டேன். தஞ்சம் கேட்பவரை அதிகாரிகள் விசாரிக்கும் அறை எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன். மேசை, ரெக்கார்டர், தண்ணீர். எந்தத் தேதி, எத்தனை பேர், என்ன நிற யூனிஃபார்ம்? முதல் தடவை 'மார்ச்' என்றீர்களே, இப்போது 'ஏப்ரல்' என்கிறீர்களே? பயந்தவனுக்குத் தேதி குழம்பும். குழம்பினால் நம்ப முடியாதவன் என்று எழுதுவார்கள். பொதுவாக ஒரு வருஷத்துக்கு வேலை செய்ய அனுமதி கேட்கவே முடியாது. சாப்பாடு போடும் ஹோட்டலில் வைத்திருந்தால் கைக்கு வாரம் 10 பவுண்டுகூட வராது. தடுப்புக் காவலில் வைத்தால் இத்தனை நாள்தான் என்று இந்த நாட்டுச் சட்டத்தில் வரம்பு இல்லை. 'தானாக விரும்பி' திரும்புவதற்கும் இங்கே ஒரு படிவம் உண்டு. அதை மொழிபெயர்க்கும் நாளில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நம் ஊரையும் சொல்லத்தான் வேண்டும். 1951-ம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. குறுக்குப்பட்டியிலும் பவளத்தானூரிலும் இன்னும் முகாம் இருக்கிறது. 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றினார்கள், நல்லது, 'அகதி' என்ற சொல்லாவது போனது. ஆனால் 1987 ஜூலை முதல் இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. சேலத்துத் தண்ணி குடித்து, சேலத்துத் தமிழ் பேசி, முப்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னமும் செக்கிங்குக்கு நிற்கிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

இந்த டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். நூலகத்தில் பழைய கடன் லெட்ஜர்கள் நீல நிற அட்டையில் இருக்கும். 1991-ம் வருஷத்தது கிடைத்தால், செகாவ் புத்தகத்துக்கு நேரே இரண்டு கையெழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேலே இருப்பது என்னுடையது. கீழே இருப்பதைப் போனில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.